டிஸ்க் கோல்ஃப்: சிக்கலான இடத்தில் எந்த ஓவர்ஹேண்ட் வீச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் சேர்க்கும் ஆட்டம். தலைக்கு மேலிருந்து வீசுவதே ஓவர்ஹேண்ட். இந்தப் பக்கத்தில் இடம், வலம் எல்லாமே வலது கையால் வீசுபவரை வைத்துச் சொல்லப்பட்டவை. இடது கைக்காரர்கள் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். சாய்வைச் சொல்லும் இடங்களில் கடிகார மணியைப் பயன்படுத்தியிருக்கிறோம். வீசுபவருக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது டிஸ்க்கின் மேல் விளிம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே கணக்கு. நேர் செங்குத்து 12 மணி, இடப்பக்கச் சாய்வு 11, வலப்பக்கச் சாய்வு 1.

ஓவர்ஹேண்ட் என்ற பெயரில் வருபவை எவை?

நடைமுறையில் நான்கு. டோமஹாக், தம்பர், கிரனேட், ஸ்கூபர். முதல் இரண்டும்தான் உண்மையான வேலைக்காரர்கள். கிரனேட் குறுகிய தூரத்துக்கு, ஸ்கூபர் அதைவிடக் குறுகிய தூரத்துக்கு.

டோமஹாக்கில் ஃபோர்ஹேண்ட் பிடி, அதாவது உள்ளங்கை முன்னால் வர வலப்பக்கத்திலிருந்து வீசும்போது பிடிக்கும் பிடி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பின் உட்சுவரில் அழுந்தும், கட்டைவிரல் தட்டின் மேற்புறத்தில் இருக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் டிஸ்க்கின் மேற்தட்டு இடப்பக்கம், அதாவது உங்கள் தலையை நோக்கித் திரும்பி நிற்கும்.

தம்பரில் கட்டைவிரல் உள்ளே போகிறது. விளிம்பின் உட்சுவரோடு அது ஒட்டிப் படுத்திருக்க, மற்ற விரல்கள் வெளியே மடங்கி முஷ்டியாக இறுகும். மேற்தட்டு வலப்பக்கம், உங்களை விட்டு வெளியே பார்க்கும்.

கிரனேடில் பேக்ஹேண்ட் பிடியை (உடலுக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய், புறங்கை முன்னால் வர வீசும் பிடி) அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க்கைக் கவிழ்த்துத் தலைக்கு மேலிருந்து வீசுகிறோம். ஸ்கூபரில் ஃபோர்ஹேண்ட் பிடி, ஆனால் கை இடத் தோள் பக்கம் குறுக்கே போய், கவிழ்ந்த டிஸ்க்கை முன்னால் சுண்டி விடுகிறது.

பேக்ஹேண்டும் ஃபோர்ஹேண்டும் இருக்கும்போது இவை எதற்கு?

மூன்று காரணங்கள். ஒன்று, இடைவெளியின் வடிவம். ஒரு டிரைவரின் (தொலைதூர வீச்சுக்கான டிஸ்க்) குறுக்களவு சுமார் 21 செ.மீ., தடிமன் 2 செ.மீ.க்குள். படுக்கையாகப் பறக்கும் டிஸ்க்குக்கு அகலம் வேண்டும். நிமிர்ந்து பறக்கும் டிஸ்க்குக்கு உயரம்தான் வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒடுக்கமாகவும் உயரமாகவும் ஒரு சந்து இருந்தால், ஓவர்ஹேண்டே அதற்குப் பொருந்தும்.

இரண்டு, உயரம். முன்னால் 6 மீட்டர் உயரத்துக்கு மரவரிசை நின்று, கூடை அதன் பின்னால் 10 மீட்டரில் இருந்தால், பேக்ஹேண்டை அத்தனை செங்குத்தாக ஏற்றி இறக்குவது கடினம். தலைக்கு மேலிருந்து வீசும் கைக்கு அது இயல்பான பாதை.

மூன்று, கால் வைக்க இடமில்லாத நிலை. பேக்ஹேண்டுக்குக் கை பின்னால் நீள வேண்டும், ஃபோர்ஹேண்டுக்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும். இருபுறமும் புதர் நெருக்கினாலும் தலைக்கு மேல் திறந்திருந்தால் ஓவர்ஹேண்ட் போடலாம். ஆனால் நிமிர்ந்து நிற்பவரின் தூக்கிய கை, அதற்கு மேல் டிஸ்க் என்று 2.5 மீட்டர் அளவுக்குக் கிளையில்லாத இடம் தேவைப்படும். பலர் முன்னால் உள்ள சந்தை மட்டும் பார்த்துவிட்டு, கை பின்னாலிருந்து வரும் வழியில் தொங்கும் கிளையைக் கவனிப்பதில்லை. டிஸ்க்கைக் கையில் பிடித்தபடி மெதுவாக ஒருமுறை கையை முழுவதும் சுழற்றிப் பாருங்கள். எதுவும் உரசக்கூடாது.

டிஸ்க் நடுவானில் ஏன் கவிழ்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த வீச்சைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்கவே முடியாது.

டிஸ்க்கின் மேலும் கீழும் ஒரே வடிவம் இல்லை. வேகமாகப் போகும்போது, காற்று அதன் முன் விளிம்பை மேற்தட்டுக்கு எதிர்த் திசையில் தள்ளப் பார்க்கும். சுழலும் பொருள் ஒன்றைத் தள்ளினால், விளைவு தள்ளிய இடத்தில் தெரியாது, சுழற்சித் திசையில் கால் சுற்று தள்ளித் தெரியும். அதனால் முன் விளிம்பு பக்கவாட்டில் திரும்புவதற்குப் பதில் டிஸ்க் முழுவதும் பக்கவாட்டில் சாய்கிறது. நிமிர்ந்து கிளம்பியது மெல்லச் சாய்ந்து, மேற்தட்டு தரையைப் பார்க்கும்படி கவிழ்ந்து, உயரம் மிச்சமிருந்தால் அதையும் தாண்டி மறுபக்கம் நிமிரத் தொடங்கும்.

ஆக ஒரு ஓவர்ஹேண்ட் வீச்சுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் நிமிர்ந்து நேராகப் போகும் கட்டம். அடுத்து பாதி கவிழ்ந்து ஒரு பக்கம் நகரும் கட்டம். கடைசியில் முழுதும் கவிழ்ந்து எதிர்ப் பக்கம் இறங்கும் கட்டம். எந்தக் கட்டத்தில் டிஸ்க் தரையைத் தொடுகிறது என்பதே அது எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

டோமஹாக் எந்தப் பக்கம் போகும், தம்பர் எந்தப் பக்கம் போகும்?

டோமஹாக் நேராகக் கிளம்பி, பாதி கவிழும்போது வலப்பக்கம் நகர்ந்து, முடிவில் இடப்பக்கம் இறங்கும். தம்பர் அதற்கு நேர் எதிர். முதலில் இடப்பக்கம், முடிவில் வலப்பக்கம்.

இரண்டும் முன்னோக்கி ஒரே திசையில்தான் உருள்கின்றன. மேற்தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற ஒன்றுதான் வேறுபாடு. அதனால்தான் பாதைகள் எதிரெதிராக அமைகின்றன.

அப்படியானால் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முடிவிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். கூடைக்குப் பக்கத்தில் டிஸ்க் எந்தப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினால் நல்லது என்பது முதல் கேள்வி. கூடைக்கு வலப்பக்கம் தண்ணீரோ எல்லைக்கோடோ இருந்தால், வலமிருந்து இடம் இறங்கும் டோமஹாக் விலகி வரும். இடப்பக்கம் ஆபத்து என்றால் தம்பர்.

இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடுக்கட்டத்தில் டிஸ்க் நகரும் பக்கம் வானம் திறந்திருக்கிறதா? டோமஹாக் முடிவில் இடம் இறங்குவது உண்மை, ஆனால் அதற்கு முன் வலப்பக்கம் பல மீட்டர் நகர வேண்டும். அங்கே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. மரத்தில் மோதும் ஓவர்ஹேண்டுகளில் கணிசமானவை இலக்கைத் தவறாகக் குறித்தவை அல்ல, நடுப்பாதையைப் பார்க்காமல் வீசப்பட்டவை.

மூன்றாவது, உயரம் போதுமா? கூரையாகக் கிளைகள் மூடிய இடத்தில் முழுக் கவிழ்வு நடக்காது. அப்போது கடைசிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. டோமஹாக் வலப்பக்கமே விழும், தம்பர் இடப்பக்கமே விழும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகும் இரண்டும் பொருந்துகிறது என்றால், கைக்கு எது பழக்கமோ அதுவே சரி.

எவ்வளவு உயரத்துக்கு வீச வேண்டும்?

தொடக்கத்தில் தரைமட்டத்திலிருந்து 35 முதல் 40 டிகிரி ஏற்றம் நல்ல அளவு. 8 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தடையின்றி விழச் சுமார் 1.3 விநாடி ஆகும். கவிழ்ந்து படுக்கையாகிவிட்ட டிஸ்க் அதைவிட மெதுவாக விழும். அந்த நேரத்துக்குள்தான் கடைசித் திருப்பம் நடந்து முடிய வேண்டும். உச்சி 3 மீட்டர் மட்டும் என்றால், ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் (எளிதில் கவிழாத வகை) ஒன்று கவிழத் தொடங்குவதற்கு முன்பே தரையில் இருக்கும்.

ஏற்றம் 50 டிகிரிக்கு மேல் போனால் தூரம் வேகமாகக் குறையும். மரத்தைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் அதை ஏற்றுக்கொள்ளலாம். மற்றபடி வேண்டாம்.

குறி பார்ப்பதும் இதையொட்டியதே. கூடையைப் பார்த்து வீசாதீர்கள். வானத்தில் ஒரு இலையையோ கிளைமுனையையோ தேர்ந்தெடுத்து, டிஸ்க் அதன் வழியாகப் போக வேண்டும் என்று வீசுங்கள்.

வீச்சின் படிகள் என்ன?

கல்லெறியும் கையின் அசைவுதான் அடிப்படை. அதன்மேல் சில கட்டுப்பாடுகள்.

இடத் தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். எடை வலக்காலில் இருக்கட்டும். முழங்கை தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கக்கூடாது. இடக்கால் இலக்கை நோக்கி ஒரு எட்டு வைத்து ஊன்றியதும் இடுப்பு திரும்ப வேண்டும், அதன்பின் தோள், அதன்பின் முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. இந்த வரிசை கலைந்து தோள் முந்திக்கொண்டால் வேகம் போய்விடும், வலி வந்துவிடும்.

டிஸ்க்கை விடும் இடம் தலைக்குச் சற்று முன்னால், கை முழுதாக நீளும் நொடியில். சீக்கிரம் விட்டால் டிஸ்க் வானத்துக்குப் போகும், தாமதித்தால் தரைக்குப் போகும். மணிக்கட்டு முன்னோக்கி மட்டுமே மடங்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் டிஸ்க் கிளம்பும்போதே தள்ளாடும்.

விட்ட பிறகு கையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். குறுக்காக இடது தொடைப் பக்கம் இறங்கிப் போகட்டும். வேகமெடுத்த கையை நிறுத்தும் வேலை தோள்பட்டையின் சிறு தசைகள்மேல் விழுகிறது. அவற்றுக்கு எவ்வளவு நீண்ட தூரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

முதல் சில வாரங்களுக்கு ஓட்டம் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டு போதும்.

சாய்வை மாற்றினால் என்ன ஆகும்?

நிறைய மாறும். ஓவர்ஹேண்டில் வேகத்தைவிடச் சாய்வு முக்கியம்.

டோமஹாக்கை 12 மணியில் விட்டால் மேலே சொன்ன மூன்று கட்டங்களும் ஒழுங்காக நடக்கும். 11 மணியில், அதாவது மேல் விளிம்பு தலைப்பக்கம் சாய்ந்தபடி விட்டால், கவிழ்வு கையை விடும்போதே தொடங்கிவிட்டது என்று பொருள். டிஸ்க் சீக்கிரம் படுக்கையாகி, வலப்பக்கம் மிதந்து, முழுக் கவிழ்வுக்கு உயரம் இருந்தால் கடைசியில் இடப்பக்கம் வரும். தூரம் குறைவு, இறக்கம் மென்மை. 1 மணியில் விட்டால் டிஸ்க் முதலில் 12 மணிக்கு வந்து, அதன் பிறகே கவிழ வேண்டும். அதனால் நிமிர்ந்த கட்டம் நீள்கிறது. நீளமான சந்து ஒன்றைத் தாண்ட இதுவே வழி.

தம்பருக்கு இதைத் திருப்பிப்போடுங்கள். 1 மணி சீக்கிரம் கவிழ வைக்கும், 11 மணி தாமதப்படுத்தும்.

கற்றுக்கொள்பவர்களிடம் அடிக்கடி காணும் குறை, தெரியாமலே டோமஹாக்கை 10 மணியில் விடுவது. தலையை இடப்பக்கம் சாய்த்துக் கைக்கு வழிவிடும் பழக்கத்தால் உடல் முழுவதும் சாய்கிறது, கூடவே டிஸ்க்கும். வீச்சு 25 மீட்டரிலேயே படுத்து வலப்பக்கம் விழுந்தால், கையில் பலம் போதவில்லை என்று நினைக்காதீர்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி எத்தனை மணியில் விடுகிறீர்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியைப் பின்னால் வைத்துப் பதிவு செய்யுங்கள்.

எந்த டிஸ்க் பொருந்தும்?

ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் நீண்ட நேரம் நிமிர்ந்திருக்கும், தாமதமாகக் கவிழும். அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் உடனே கவிழ்ந்து மிதக்கும். காரணம் முன்பு சொன்ன அதே தள்ளுதல்தான். டிஸ்க்குக்குத் தரப்படும் நான்கு எண்களில் மூன்றாவதான டர்ன் எவ்வளவு கீழே போகிறதோ, வேகத்தில் அந்தத் தள்ளுதல் அவ்வளவு பலமாக இருக்கும்.

இன்னோவா நிறுவனத்தின் ஃபயர்பேர்ட் (9, 3, 0, 4) இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் டிஸ்க். நான்கு எண்களும் வரிசையாக வேகம், கிளைடு (மிதக்கும் திறன்), டர்ன் (வேகத்தில் சாயும் அளவு), ஃபேட் (வேகம் குறைந்ததும் எதிர்ப் பக்கம் சாயும் அளவு). டர்ன் 0 என்பதால் அது நம்பத்தக்க அளவுக்கு நிமிர்ந்து போகிறது. அதிக தூரத்துக்கு டெஸ்ட்ராயர் (12, 5, −1, 3) நல்லது, கவிழ்வு சற்று முன்னால் வரும். லெப்பர்ட் (6, 5, −2, 1) போன்ற ஒன்றை மேலிருந்து வீசினால் கண்ணெதிரே படுத்துக்கொள்ளும். குட்டையான, மென்மையான இறக்கம் வேண்டும் இடத்தில் அதுவும் ஒரு கருவியே.

எடை 170 கிராமுக்கு மேல் இருக்கட்டும். இலேசான டிஸ்க் பக்கக்காற்றில் தாங்காது.

விளிம்பின் அகலத்தைக் கவனியுங்கள். பட்டருக்கு (கூடைக்கு அருகே வீசும் டிஸ்க்) அது சுமார் 1 செ.மீ., வேகமான டிரைவருக்கு 2 செ.மீ.க்கு மேல். தம்பரில் கட்டைவிரல் முழுதாகப் படுக்க அகன்ற விளிம்பு உதவும். சிறிய கை உள்ளவர்களுக்கு டோமஹாக்கில் அதே அகலம் இடைஞ்சலாகலாம், அப்போது வேகம் 7 முதல் 9 வரையிலான ஃபேர்வே டிரைவர் வசதி.

ஓவர்ஹேண்டுக்கென்று ஒரு டிஸ்க்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வோம். நிமிர்ந்தபடி மரத்திலும் கல்லிலும் மோதி அதன் விளிம்பு சீக்கிரம் தேயும். தேய்ந்த டிஸ்க் முன்பைவிடச் சீக்கிரம் கவிழும். உங்கள் பிரியமான ஃபோர்ஹேண்ட் டிஸ்க்கின் நடத்தை இப்படி மாறுவது வீண் இழப்பு. விரிசலும் பாருங்கள். விரிசல் விட்ட டிஸ்க், டிஸ்க் கோல்ஃபை நெறிப்படுத்தும் பி.டி.ஜி.ஏ. விதிகளின்படி ஆட்டத்துக்கு ஏற்றதல்ல.

கிரனேட் எப்போது?

15 முதல் 40 மீட்டர் தூரம், நடுவே உயரமான தடை, விழுந்த இடத்திலேயே டிஸ்க் நிற்க வேண்டும் என்ற கட்டாயம். இந்த மூன்றும் சேரும்போது. கூடை சரிவில் இருந்து, பின்னால் தண்ணீரோ பள்ளமோ இருந்தால் கிரனேடுக்கு இணையில்லை. 55, 60 டிகிரி ஏற்றத்தில் எழுந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுவதால் சறுக்கல் மிகக் குறைவு.

விலை என்னவென்றால் தூரக் கட்டுப்பாடு. ஏற்றத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் பல மீட்டர் மாறும். பழகாமல் ஆட்டத்தில் எடுக்க வேண்டாம். பழகும்போது ஏற்றத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, கைவேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து 20, 25, 30 மீட்டர் என்று தூரம் பிரியுங்கள்.

ஸ்கூபர்?

இடுப்பளவோ மார்பளவோ புதர் முகத்துக்கு நேரே நின்று, அதற்கு மேலே கொஞ்சம்தான் இடம் இருந்து, கூடை 10 முதல் 20 மீட்டரில் இருக்கும்போது. இலக்கைப் பார்த்து நேராக நில்லுங்கள், கையை இடத் தோளுக்கு முன்னால் கொண்டுபோய், கவிழ்ந்த டிஸ்க்கைச் சற்றே ஏறுமுகமாக மணிக்கட்டால் சுண்டுங்கள். தோளுக்கு வேலை மிகக் குறைவு. 25 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

எப்போது ஓவர்ஹேண்டையே கைவிட வேண்டும்?

கிளைக் கூரை தாழ்வாக இருக்கும்போது. பாதை 3 மீட்டருக்குக் கீழே மட்டும் திறந்திருந்தால், படுக்கையாகப் போகும் தாழ்ந்த ஃபோர்ஹேண்டோ, தரையில் உருளும் ரோலரோ போடுங்கள்.

பலத்த பக்கக்காற்றிலும் யோசியுங்கள். நிமிர்ந்த டிஸ்க் தன் முழு முகத்தையும் அந்தக் காற்றுக்குக் காட்டுகிறது. உயரம் ஏற ஏறத் தள்ளுதலும் கூடும்.

இன்னொன்று: அந்த ஒரு வீச்சால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சந்து வழியே போனால் ஒரு வீச்சு மிச்சம், தவறினால் மேலும் உள்ளே சிக்கி இரண்டு வீச்சு நட்டம் என்றால், பத்தில் ஏழு தடவையாவது அந்தச் சந்தைத் தாண்டும் நம்பிக்கை வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் தட்டித் திறந்த வெளிக்கு வாருங்கள்.

எதிர்க்காற்று, பின்காற்று, ஏற்றம், இறக்கம் இவற்றில் என்ன மாற்றம்?

எதிர்க்காற்றில் டிஸ்க்கைக் கடக்கும் காற்றின் வேகம் கூடுகிறது, அதனால் கவிழ்வு சீக்கிரம் வரும். இன்னும் ஓவர்ஸ்டேபிளான டிஸ்க்கை எடுங்கள், அல்லது தாமதிக்கும் சாய்வில் விடுங்கள். பின்காற்றில் கவிழ்வு தாமதமாகும், கடைசிக் கட்டம் வராமலே போகலாம்.

மேட்டை நோக்கி வீசும்போது தரை முன்கூட்டியே வந்துவிடுகிறது. பாதிக் கவிழ்விலேயே விழும் என்று எதிர்பார்த்துக் குறி வையுங்கள். பள்ளத்தை நோக்கி வீசினால் எதிர்மாறு: கடைசித் திருப்பத்துக்கு நிறைய நேரம் கிடைத்து, டிஸ்க் நினைத்ததைவிட வெகுதூரம் பக்கவாட்டில் போய்விடும். டோமஹாக் என்றால் இடப்பக்கம், தம்பர் என்றால் வலப்பக்கம்.

விழுந்த பிறகு ஏன் சில தடவை உருண்டு ஓடுகிறது, சில தடவை அங்கேயே நிற்கிறது?

விழும் கட்டத்தைப் பொறுத்தது. கவிழத் தொடங்கும் முன்போ, சற்றே சாய்ந்த நிலையிலோ விளிம்பால் தரையைத் தொட்டால், சுழற்சி முன்னோக்கி உருட்டும் திசையில் இருக்கிறது. டிஸ்க் சக்கரமாக ஓடத் தொடங்கும். டோமஹாக் மேல் விளிம்பு இடப்பக்கம் சாய்ந்தபடி இருப்பதால் ஓட்டம் இடப்பக்கம் வளையும், தம்பர் வலப்பக்கம் வளையும்.

முழுதாகக் கவிழ்ந்து தட்டையாக விழுந்தால் வழுவழுப்பான மேற்தட்டு தரையைத் தொடுகிறது. புல் அடர்ந்திருந்தால் உடனே நிற்கும், ஈரத் தரையிலும் கட்டாந்தரையிலும் வழுக்கிப் போகும்.

கவிழ்வையும் தாண்டி மறுபக்கம் நிமிர்ந்தபடி விழுந்தால், இப்போது சுழற்சி தரையோடு பின்னோக்கி இழுக்கும் திசையில் இருக்கிறது. டிஸ்க் கடித்து நிற்கும். கூடைக்குப் பின்னால் ஆபத்து உள்ள இடங்களில் இந்த விழுகையையே நாட வேண்டும். அதற்கு உயரம் வேண்டும், வேறு வழியில்லை.

டிஸ்க் கிளம்பும்போதே தள்ளாடுகிறது. ஏன்?

பெரும்பாலும் பிடி தளர்வு. டோமஹாக்கில் விரல் நுனிகள் உட்சுவரை அழுத்தாமல் தட்டின் அடியில் மட்டும் படிந்திருந்தால், சுழற்சி குறைந்து தள்ளாடும். இரண்டு விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உட்சுவரில் அழுத்திப் பாருங்கள். தம்பரில் கட்டைவிரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இதே குறை வரும்.

பிடி சரியாக இருந்தும் தள்ளாடினால், டிஸ்க்கின் தளமும் கை போகும் கோடும் ஒன்றாக இல்லை. டிஸ்க் தன் முகத்தைக் கொஞ்சம் காற்றுக்குக் காட்டியபடி கிளம்புகிறது. பாதி வேகத்தில் 20 மீட்டருக்கு வீசி, முதல் 5 மீட்டரில் விளிம்பு மட்டும் தெரியும்படி போகிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். அது சரியாகும்வரை வேகம் கூட்டுவதில் பயனில்லை.

ஈரத்தில் இவை எல்லாம் மோசமாகும். ஒவ்வொரு வீச்சுக்கு முன்பும் விளிம்பின் உட்புறத்தையும் விரல்களையும் துடையுங்கள்.

தோள் வலிக்கிறது. தொடரலாமா?

வலியோடு தொடரக்கூடாது. ஓவர்ஹேண்ட் வீச்சில் சுமை தோள்பட்டையின் சிறு தசைகள்மேலும் முழங்கையின் உட்புறத் தசைநார்மேலும் விழுகிறது. தசை அலுப்பு ஓரிரு நாளில் போகும். மூட்டுக்குள் குத்தும் வலி, முழங்கை உட்பக்க வலி, விரல்களில் மரத்துப்போதல் இவை வேறு வகை. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தடுப்பதற்கு: 5 முதல் 10 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள், கைகளைச் சிறு வட்டம், பெரிய வட்டம் என்று சுழற்றுங்கள், பாதி வேகத்தில் ஐந்தாறு வீச்சு போட்ட பிறகே முழு வேகத்துக்குப் போங்கள். ஒரு பயிற்சியில் முழு வேக ஓவர்ஹேண்டுகளைப் பதினைந்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் குளிர்ந்த தோளால் முழு பலத்தோடு ஒரு தம்பர் போடுவதே மிக ஆபத்தானது. வரிசையில் காத்திருக்கும்போதே தோளை அசைத்துக்கொண்டிருங்கள்.

விதிகளில் கவனிக்க வேண்டியவை?

பி.டி.ஜி.ஏ. விதிகளின்படி எந்தக் கை அசைவிலும் வீசலாம், ஓவர்ஹேண்டுக்குத் தடையில்லை. மற்றவை எல்லா வீச்சுக்கும் பொதுவானவை, ஆனால் சிக்கலான இடத்தில்தான் மீறப்படுகின்றன.

முந்தைய வீச்சு நின்ற இடத்தைக் காட்டும் மார்க்கருக்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் கொண்ட இடமே உங்கள் லை, அதாவது அடுத்த வீச்சுக்குக் கால் ஊன்ற வேண்டிய இடம். டிஸ்க்கை விடும் நொடியில் உடலின் ஏதாவது ஒரு தாங்குபகுதி அதற்குள் தரையைத் தொட்டிருக்க வேண்டும், எதுவும் மார்க்கரைவிட இலக்குக்கு அருகே ஊன்றியிருக்கக்கூடாது. ஓவர்ஹேண்டில் இடக்கால் முன்னால் போய் ஊன்றுகிறது என்பதால், லைக்குள் இருக்க வேண்டியது அந்த இடக்கால்தான். பலர் வலக்காலை லையில் வைத்துத் தயாராகி, எட்டு வைத்து மார்க்கரைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு எட்டு பின்னால் போய்த் தொடங்குங்கள்.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் என்றால், விட்ட பிறகும் மார்க்கருக்குப் பின்னாலேயே நிலைத்து நின்று காட்ட வேண்டும். கிரனேட், ஸ்கூபர் போடும்போது இது நினைவிருக்கட்டும். வீச உங்களுக்குள்ள நேரம் 30 விநாடி. கைக்கு இடைஞ்சலாக இருக்கும் கிளையை ஒடிக்கவோ வளைத்துப் பிடிக்கவோ அனுமதியில்லை.

எப்படிப் பழகுவது?

திறந்த மைதானம், ஒரே வகை டிஸ்க் மூன்று, 40 மீட்டரில் ஒரு குறி. டோமஹாக்கை 11, 12, 1 மணிகளில் ஒவ்வொன்றாக விடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு பக்கவாட்டில் நகர்ந்தது, எந்தக் கட்டத்தில் தரை தொட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே அளவில் தம்பர்.

பிறகு இரண்டு மரங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் சந்து ஒன்றைத் தேடி, அதிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று வீசுங்கள். முதலில் சந்தைத் தாண்டுவது மட்டுமே நோக்கம், எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாம். பத்தில் ஏழு தாண்டியதும் பின்னால் ஒரு குறி வையுங்கள். அதன்பின் 15 மீட்டருக்கு நகருங்கள்.